30 வயசு தாண்டின எம்எக்ஸ்-5: முதல்ல தண்ணி போற வழி, அப்புறம் தான் மத்ததெல்லாம்

இங்க இங்கிலாந்துல மிட்லேண்ட்ஸ் பக்கம் எங்க செட்ல ஒரு அண்ணன் இருக்காரு, அவர் வாங்கின 1990 மாடல் சிவப்பு மஸ்தா எம்எக்ஸ்-5 பத்தின முழு கதை இது. மார்க் 1, அதாவது முதல் தலைமுறை, 1.6 லிட்டர் இன்ஜின், 5 கியர் மேனுவல், முன்னாடி லைட்டு ரெண்டும் கண்ணு முழிச்சு எழுந்து நிக்குமே அந்த வண்டி. பழைய கன்வர்ட்டிபிள் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க, வாங்கி நிறுத்திட்டு எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறவங்க ரெண்டு பேருக்கும் உபயோகமா இருக்கும்னு கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

முதல்லயே என் கட்சியைச் சொல்லிடுறேன். கூரை மடிக்கிற வண்டிக்கு வயசாச்சுன்னா அதைக் கொல்றது கிலோமீட்டர் இல்ல, தண்ணியும் ரப்பரும் தான். ஓடாம கராஜ்ல நின்ன வண்டின்னா இன்னும் மோசம். அதனால ரிஃப்ரெஷ் பண்றேன்னு பெயின்ட்ல கையை வைக்கிறவங்க எல்லாரும் பின்வாசல்ல இருந்து வீடு கட்டுறாங்க.

வண்டி வந்தப்ப எப்படி இருந்துச்சு

விளம்பரத்துல "குறைஞ்ச மைலேஜ், ஒரே குடும்பம், கராஜ்ல வெச்சு ஓட்டினது"ன்னு போட்டிருந்துச்சு, பொய்யும் இல்ல. இங்க அரசாங்க வெப்சைட்ல நம்பர் பிளேட்டைப் போட்டா 2005க்கு அப்புறம் அந்த வண்டி எழுதின எம்ஓடி பரீட்சை (ரோட்ல ஓட லாயக்கான்னு வருஷா வருஷம் பாக்குற சோதனை) எல்லாத்தோட ரிசல்ட்டும் காசில்லாம பாக்கலாம், பாஸா ஃபெயிலா, எத்தனை மைல் ஓடியிருக்கு, அட்வைசரின்னு, அதாவது ஃபெயில் இல்ல ஆனா கவனிக்கணும்னு, என்ன எழுதி வெச்சாங்க எல்லாம் இருக்கும். நம்ம ஆளு அதைப் பாக்காம கலரைப் பாத்து விழுந்துட்டாரு. நான் பாத்தப்ப வரிசையா பல வருஷம் மைல் கணக்கு ஏறவே இல்ல, வருஷத்துக்கு சில நூறு மைல் தான். அது கூட பரவால்ல. பின்பக்க சில்லுல (கதவுக்கு அடில நீளமா ஓடுற தகட்டுப் பெட்டி) துரு ஆரம்பம்னு ஒரு வருஷம் அட்வைசரி, அடுத்த வருஷமும் அதே, அதுக்கடுத்த வருஷம் திடீர்னு அட்வைசரியே காணோம், பதிலுக்கு "அடிப்பாகம் முழுக்க அண்டர்சீல் பூசியிருக்கு"ன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிய படிச்சதுமே எனக்கு வயித்துல புளியைக் கரைச்சிருச்சு. துரு தானா சரியாகாது, யாரோ மேல கருப்பா பூசி மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

"என்னண்ணே, இதைப் பாக்கலையா?"

"அட போடா, ஓட்டிப் பாத்தேன், பட்டாசு மாதிரி இருந்துச்சு."

ஓட்டிப் பாத்தா அப்படித் தான் இருக்கும், ஏன்னா அந்த வண்டியோட வேலையே அது தான். 1989 பிப்ரவரில சிகாகோ ஆட்டோ ஷோல மஸ்தா இதை இறக்கினப்போ பிரிட்டிஷ் ரோட்ஸ்டருங்க, அதாவது கூரை திறக்கிற ரெண்டு சீட்டு வண்டிங்க, கிட்டத்தட்ட செத்துப் போயிருந்துச்சு, அதுல பேர் போன எம்ஜிபி 1980லயே நின்னாச்சு. பாப் ஹால்ங்கிற அமெரிக்க மோட்டார் பத்திரிகைக்காரர் மஸ்தா அதிகாரி கெனிச்சி யமமோட்டோ கிட்ட சின்னதா, லேசா, பின் சக்கரம் இழுக்கிற ரெண்டு சீட்டு வண்டி ஒண்ணு பண்ணுங்கன்னு சொன்னதுல இருந்து தான் கதை ஆரம்பம், அப்புறம் தோஷிஹிகோ ஹிராய் தலைமையில ப்ராஜெக்ட் நடந்து, 1,000 கிலோவுக்கும் குறைவான எடை, நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் சேத்துப் பிடிக்கிற அலுமினிய சட்டம்னு வந்து நின்னுச்சு. முதல் தலைமுறை மட்டும் 4 லட்சத்துக்கு மேல வித்துச்சு, 2016 ஏப்ரல்ல நாலு தலைமுறையும் சேந்து 10 லட்சத்தைத் தொட்டாச்சு. இவ்வளவு வித்ததுல நமக்கு என்ன லாபம்னா பார்ட்ஸ் கிடைக்கும். பழைய வண்டி வெச்சிருக்கிறவனுக்கு இதை விடப் பெரிய சொத்து கிடையாது.

தண்ணி

மழை பெஞ்ச மறுநாள் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி கார்பெட்டை அமுக்கினா விரல் நடுவுல தண்ணி வந்துச்சு. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிஞ்சு, உள்ள ஒரு மக்கிப்போன வாசனை. அண்ணன் கூரை ஒழுகுதுன்னு முடிவு பண்ணி புது சாஃப்ட் டாப்புக்கு விலை விசாரிச்சிட்டு இருந்தாரு. கூரையும் ஒழுகத் தான் செஞ்சுச்சு, ஆனா அது பாதி கதை.

இந்த வண்டில கூரை மேல விழுற மழை பின்கண்ணாடி வழியா கீழ இறங்கி, கூரைத் துணி பாடியோட சேர்ற இடத்துல உள்ள ஓடுற ஒரு பிளாஸ்டிக் பட்டைல விழும். ரெயின் ரெயில்னு சொல்வாங்க. அங்கருந்து ரெண்டு பக்கமும் சீட் பெல்ட் தூணுக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டைல இறங்கி, ஒரு குழாய் வழியா பின் சக்கரத்துக்கு முன்னாடி வண்டிக்கு அடில போய் விழணும். ஒழுங்கா டிசைன் பண்ணினது தான். ஆனா மரத்தடில நிக்கிற வண்டில இலை, பாசி, தூசி எல்லாம் சேந்து அந்த ஓட்டைய அடைச்சிடும். அடைச்சா தண்ணி அங்கயே தேங்கி வழிஞ்சு உள்ள கார்பெட்டுக்கு வரும், வெளிய தெரியாம சில் பெட்டிக்குள்ளயும் இறங்கும். அந்த சில்லு உள்ளீடற்ற பெட்டி தான். மூடின கார்ல கூரையும் சேந்து வண்டிய விறைப்பா பிடிக்கும், இதுல கூரை வெறும் துணி, அதனால பாடி நடுவுல மடங்காம நிக்கிறதுக்கு பாதி ஆதாரமே அந்த சில்லு தான். தண்ணி தேங்குற இடமும் அதுவே, கொடுமைய பாருங்க.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். ஒரு டம்ளர் தண்ணிய அந்த ஓட்டைல மெதுவா ஊத்தணும், கீழ குனிஞ்சு பாக்கணும். ஊத்தின வேகத்துல கீழ வந்தா நல்லது. இந்த வண்டில பயணி பக்கம் சொட்டு சொட்டா வந்துச்சு, டிரைவர் பக்கம் வரவே இல்ல, டம்ளர் தண்ணி அப்படியே குளம் கட்டி நின்னுச்சு. இங்க தான் நிறைய பேர் கம்பிய எடுத்து குத்துவாங்க. கூடாது. உள்ள இருக்கிற குழாய் பழசு, குத்தினா கிழியும் இல்லன்னா மூட்டுல கழண்டுக்கும், அப்புறம் தண்ணி நேரா சில்லுக்குள்ள தான். புல்லு வெட்டுற ஸ்ட்ரிம்மர்ல வருமே அந்த நைலான் கயிறு, அதோட நுனிய லைட்டர்ல லேசா உருட்டி, மேல இருந்து விட்டு மெதுவா திருகித் திருகி இறக்கினோம். கருப்பா சேறு, ஒரு பைன் மரத்து ஊசி இலைக் கொத்து, எவனோ எப்பவோ தொலைச்ச ஒரு சின்ன ஸ்க்ரூ எல்லாம் வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம் வெதுவெதுப்பான தண்ணி விட்டு, கீழ தெளிவா வர்ற வரைக்கும் விட்டுக்கிட்டே இருந்தோம்.

சில்லோட அடிப்பக்க மடிப்புலயும் சின்னச் சின்ன வடிகால் ஓட்டை இருக்கும், அதைத் தான் அண்டர்சீல் பூசின புண்ணியவான் மூடி வெச்சிருந்தாரு. சுரண்டி எடுத்ததும் துரு கலந்த பழுப்புத் தண்ணி நூல் மாதிரி வடிஞ்சது. மழை நின்னு பல நாள் ஆனதுக்கு அப்புறம். அண்ணன் அதைப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம உள்ள போய் டீ போட்டு எடுத்துட்டு வந்தாரு.

டிங்கரிங்

ஊர்ல டிங்கரிங், பட்டி, பெயின்ட்னு வரிசை சொல்வோம்ல, இங்க பழைய ஆளு டிங்கரிங்கை விட்டுட்டு பட்டிய மட்டும் பாத்திருக்காரு. பின் சக்கர வளைவுக்கு முன்னாடி காந்தத்தை வெச்சா ஒட்டவே இல்ல, அத்தனையும் பட்டி. வெளுத்ததெல்லாம் பால் இல்லன்னு சொல்றது இதுக்குத் தான்.

இதை நாங்க கையில எடுக்கல, துரு வேலை மட்டுமே பாக்குற ஒரு வெல்டர் கிட்ட விட்டோம். அவர் வெட்டித் திறந்தப்ப நான் கூட இருந்தேன். வெளித் தகடு, நடுவுல ஒரு தகடு, உள் தகடுன்னு அந்த இடத்துல மூணு அடுக்கு. வெளித் தகடு பேருக்குத் தான் இருந்துச்சு, நடுத் தகடோட கீழ்ப்பக்கம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, உள் தகடு மட்டும் சில இடத்துல போனதோட தப்பிச்சிருந்துச்சு. பெரும்பாலான கராஜ்ல வெளித் தகடை மட்டும் மாத்திட்டு அனுப்பிடுவாங்க. பாக்க புதுசு மாதிரி இருக்கும், உள்ள இருக்கிற துரு ரெண்டு மூணு வருஷத்துல புதுத் தகடையும் சாப்பிட்டுட்டு வெளிய எட்டிப் பாக்கும். அதனால கொட்டேஷன் வாங்கும்போதே உள் அடுக்கையும் மாத்துவீங்களான்னு கேக்கணும், வெட்டித் திறந்த பிறகு போட்டோ அனுப்பச் சொல்லணும். அனுப்ப யோசிக்கிற ஆளு வேணாம்.

நல்ல வெல்டர்னு எனக்குப் பட்டதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, வெட்டறதுக்கு முன்னாடி கதவு இடைவெளிய அளந்து எழுதி வெச்சுக்கிட்டு, கதவு வாசல்ல குறுக்கா கம்பி கொடுத்து தற்காலிகமா பொட்டு வெல்டு வெச்சு, ஒரு பக்கத்தை முழுசா முடிச்சிட்டு தான் அடுத்த பக்கத்தைத் தொட்டாரு. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெட்டினா பாடி தொங்கிடும், அப்புறம் கதவு மூடாது. ரெண்டாவது, சீட்டு, கார்பெட் எல்லாம் முழுசா எடுத்துட்டு, பேட்டரியக் கழட்டிட்டு தான் நெருப்பையே பத்த வெச்சாரு. இந்த வண்டில பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாடி தான் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோங்க.

எம்ஓடி விதிப்படி சீட் பெல்ட் பிடிமானத்தைச் சுத்தி 30 செ.மீ.க்குள்ள பாடிய பலவீனமாக்குற துரு இருந்தா ஃபெயில், பட்டியும் ஃபைபரும் வெச்சு மூடினாலும் ஃபெயில். எம்எக்ஸ்-5ல சில்லோட பின்முனை அந்த எல்லைக்குள்ள தான் வருது. செலவு? ரெண்டு பக்கமும் அடுக்கோட மாத்தி பெயின்ட் அடிச்சு வந்தப்ப ஆயிரம் பவுண்டைத் தாண்டி நல்லாவே போச்சு, இந்த வண்டிக்கு செஞ்ச மத்த எல்லா வேலையும் சேத்தா கூட அதுக்குப் பக்கத்துல வரல. வாங்குறதுக்கு முன்னாடி எம்ஓடி ஹிஸ்டரி படிச்சிருந்தா விலைல இதைக் கழிச்சிருக்கலாம்.

வெல்டிங் முடிஞ்சு பெயின்ட் காய்ஞ்சதும் சில்லுக்குள்ள மெழுகு அடிச்சோம், கேவிட்டி வேக்ஸ். நீளமான வளையுற குழாய், நுனில சுத்தி எல்லாப் பக்கமும் தெளிக்கிற மூக்கு, அதை உள்ள வரைக்கும் விட்டு மெதுவா இழுத்துக்கிட்டே அடிக்கணும். வெயில் நாளா பாத்து அடிச்சா இளகி மடிப்புக்குள்ள நல்லா ஊறும். அடுத்த ஒரு வாரம் கீழ சொட்டும், அட்டை போட்டு வைங்க. முக்கியமா சில்லுக்கு அடில இருக்கிற வடிகால் ஓட்டைய மெழுகு அடைச்சிருக்கான்னு திரும்பக் குத்திப் பாக்கணும், இல்லன்னா பழைய குருடி கதவைத் திறடி கதை தான்.

கூரை

இதுக்கப்புறம் தான் கூரைய மாத்த விட்டேன். பழைய வினைல் துணி மடிப்புல வெடிச்சிருந்துச்சு, பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகி வலது மூலைல விரிசல். மார்க் 1ல பின்கண்ணாடி ஜிப் வெச்சது, கூரைய மடிக்கறதுக்கு முன்னாடி ஜிப்பைத் திறந்து அதைப் படுக்க வெச்சிடணும். சோம்பேறித்தனமா அப்படியே மடிச்சா, அதுவும் குளிர்ல, கண்டிப்பா உடையும்.

புதுசுக்கு வினைலா, மொஹேர் துணியா, பிளாஸ்டிக்கா, நிஜக் கண்ணாடியான்னு பெரிய விவாதமே நடந்துச்சு. அடுத்த தலைமுறை வண்டியோட கண்ணாடி வெச்ச கூரை மார்க் 1 சட்டத்துலயே உக்காரும், ஜிப் தொல்லை இல்ல, சூடேத்துற கம்பி இருக்கிறதால பனிக்காலத்துல பின்னாடி தெரியும். வருஷம் முழுக்க ஓட்டறவருக்கு நான் அதைத் தான் சொல்வேன். அண்ணன் ஒரிஜினல் தோற்றம் வேணும்னு ஜிப் வெச்ச வினைலே வாங்கினாரு, அவர் வண்டி அவர் இஷ்டம். ஆனா ரெயின் ரெயிலைப் புதுசா போட்டே ஆகணும்னு மட்டும் பிடிவாதமா நின்னேன். பழசுல கீறல் இருந்துச்சு. அதை விட்டுட்டு துணிய மட்டும் மாத்தினா புதுக் கூரைக்குக் கீழயும் கார்பெட் நனையும். வெயில்ல ஒரு மணி நேரம் விரிச்சு வெச்சு இளக்கிட்டு மாட்டினா இழுத்துப் பிடிக்க ஈஸி.

எண்ணெய் ஒழுகல்

இந்தக் கதைல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது தான். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல எண்ணெய் சொட்டிட்டு இருந்துச்சு. அண்ணன் முன்னாடி காமிச்ச ஒரு கராஜ்ல ஒரு பார்வை பாத்துட்டு பின் கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டோட பின்முனைல எண்ணெய் வெளிய வராம பிடிக்கிற ரப்பர்) போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், கிளட்சையும் அப்படியே மாத்திடலாம்னு பெரிய தொகையா எழுதிக் குடுத்திருந்தாங்க. இடத்தைப் பாத்தா யாருக்கும் அப்படித் தான் தோணும்.

ஆனா இந்த இன்ஜின்ல சிலிண்டர் ஹெட்டோட பின்பக்கம், டேஷ்போர்டு சுவரை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார்னு ஒண்ணு சொருகி இருக்கும். அதுக்குள்ள ஒரு ஓ ரிங், ரப்பர் வளையம். 30 வருஷம் இன்ஜின் சூட்டுல வெந்து அது ரப்பரா இல்லாம பிளாஸ்டிக்காவே மாறிடும். அப்புறம் எண்ணெய் ஹெட்டோட முதுகு வழியா இறங்கி, நேரா கியர்பாக்ஸ் மூட்டுல போய் சொட்டும், பாக்கிறவனுக்கு பின் சீல் போன மாதிரியே இருக்கும். போற வழில ஹீட்டர் ஹோஸையும் ஊற வெச்சு உப்ப வெச்சிடும். நாங்க பின்பக்கம் முழுக்க கிளீனர் அடிச்சுத் துடைச்சிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து, கண்ணாடிய வெச்சு டார்ச் அடிச்சுப் பாத்தோம். சென்சாருக்குக் கீழ ஈரம், அதுக்கு மேல காய்ஞ்சு கிடக்கு. முடிஞ்சது சமாச்சாரம்.

மாத்தறதும் பெரிய வித்தை இல்ல, இடம் தான் இடுக்கு. ஒரே ஒரு 12 மிமீ போல்ட். கழட்டறதுக்கு முன்னாடி சென்சாருக்கும் ஹெட்டுக்கும் சேத்து ஒரு கோடு கீறி வைக்கணும், ஏன்னா அது கொஞ்சம் திரும்பி உக்காந்தாலும் இக்னிஷன் டைமிங் மாறிடும். பழைய ஓ ரிங்கை எடுத்து வளைச்சேன், ரெண்டா ஒடிஞ்சது. புதுசுக்கு எண்ணெய் தடவி சொருகி, கோட்டைக் கோட்டுக்கு வெச்சு, அப்புறம் டைமிங் லைட் வெச்சு சரி பாத்தாச்சு. ரெண்டு காபி குடிக்கிற காசு ஆகல. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு அண்ணன் கிட்ட சொன்னா, "அந்தக் கொட்டேஷனை ஃப்ரேம் போட்டு மாட்டப் போறேன்"னாரு.

இன்ஜின் முன்பக்கம்

டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒரு தடவை மாத்தணும்னு கணக்கு. இந்த 1.6ல பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, அதனால இன்ஜின் சாகாது, நடு ரோட்டுல நிப்பாட்டும் அவ்வளவு தான். எப்ப மாத்தினாங்கன்னு ஒரு பில்லும் இல்ல, பில் இல்லன்னா மாத்தலன்னு தான் எடுத்துக்கணும். வாட்டர் பம்ப்பைப் பின்னால மாத்தணும்னா திரும்ப பெல்ட்டைக் கழட்ட வேண்டி வரும், அதனால அதையும் சேத்தே போட்டாச்சு.

ஆரம்ப வண்டிங்கள்ல, சுமார் 1991 பாதி வரைக்கும் வந்ததுல, கிராங்க் ஷாஃப்ட்டோட முன் மூக்கு குட்டை. அந்தப் பெரிய போல்ட் சரியா டைட் ஆகலன்னா புல்லிய நிறுத்திப் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு (சாவின்னு சொல்வாங்க) உக்கார்ற பள்ளம் தேஞ்சு, புல்லி ஆட ஆரம்பிச்சு, டைமிங் விலகி, பவர் குறைஞ்சு, கடைசில கிராங்க்கே வீணாப் போகும். அடையாளம் முன் புல்லில இருக்கிற பிளவுங்க, 4 இருந்தா குட்டை மூக்கு, 8 இருந்தா நீளம். நம்மது 4. இன்ஜினை ஐடில்ல விட்டு புல்லியப் பக்கவாட்டுல இருந்து பாத்தோம், ஆட்டமே இல்ல, நிம்மதி. அந்த போல்ட்டை எப்ப கழட்டினாலும் புது போல்ட், சுத்தமான சாவி, டார்க் ரெஞ்ச், மேனுவல்ல சொன்ன அளவு. ஏர் கன்னை வெச்சு டர்ருன்னு அடிச்சு விடற கராஜ் பக்கம் இந்த வண்டிய கொண்டு போகாதீங்க.

ரேடியேட்டர் மேல் தொட்டி பிளாஸ்டிக், புதுசுல கருப்பு, வயசானா பச்சை கலந்த பழுப்பு ஆகும், அப்படி ஆச்சுன்னா வெடிக்கப் போகுதுன்னு அர்த்தம். நம்மது பழுப்பைத் தாண்டிருச்சு. ரேடியேட்டர், எல்லா ஹோஸ், தெர்மோஸ்டாட் மூணும் ஒண்ணா மாத்தினோம், பின்பக்க ஹீட்டர் ஹோஸ் உள்பட. காலைல ஸ்டார்ட் பண்ணினா மேல டிக்டிக்னு சத்தம் வந்துச்சு, அது ஹைட்ராலிக் லிஃப்டர் (எண்ணெய் அழுத்தத்துல வால்வு இடைவெளிய சரி பண்ற பாகம்), எண்ணெயும் ஃபில்டரும் மாத்தி நல்லா நீள ஓட்டம் விட்டதும் பெரும்பாலும் அடங்கிருச்சு. ஒரு கொசுறு தகவல், இந்த ஆரம்ப வண்டில ஆயில் பிரஷர் மீட்டர் நிஜமாவே அளக்கும், 1995ல இருந்து வந்தது சும்மா சுவிட்ச் தான், முள்ளு நடுவுல போய் நின்னுக்கும்.

பிரேக், டயர், கிளட்ச்

டயர்ல பள்ளம் புதுசு மாதிரி ஆழமா இருந்துச்சு, அண்ணன் அதைக் காட்டி பெருமை வேற. பக்கவாட்டுல இருக்கிற 4 இலக்க நம்பரைப் படிச்சேன், முதல் ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம். பத்து வருஷத்துக்கும் மேல பழசு, கல்லு. ஈர ரோட்ல இந்த வண்டிய ரவுண்டானால சுத்திவிடறது இந்த மாதிரி டயர் தான். 185/60 ஆர்14, நாலும் புதுசு.

பின் பிரேக் காலிப்பர் ரெண்டும் இறுகிப் போயிருந்துச்சு, ஹேண்ட் பிரேக் பாதி தான் பிடிக்கும். இந்த வண்டியோட பின் காலிப்பரை மத்த வண்டி மாதிரி கருவி வெச்சு பிஸ்டனைத் திருகக் கூடாது, பின்னாடி ஒரு 14 மிமீ மூடி போல்ட்டைக் கழட்டினா உள்ள 4 மிமீ ஆலன் கீ போற ஸ்க்ரூ இருக்கும், அதைத் திருகினா பிஸ்டன் போகும் வரும். பேட் டிஸ்க்கைக் கவ்வுற வரைக்கும் திருகிட்டு, மூணுல ஒரு சுத்து பின்னாடி விட்டா சரியா இருக்கும். இதைத் தெரியாதவங்க ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்து இழுத்து டைட் பண்ணி வெச்சிருப்பாங்க, இதுலயும் அதே தான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், ஓட்டலன்னாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்.

கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது கியர்பாக்ஸ் பக்கம் இருந்து கிளட்சைத் தள்ளுற சிலிண்டர், இந்த வண்டில ஒழுகாம இருந்தா தான் செய்தி. ரிவர்ஸ் போடும்போது கர்ருன்னுச்சு, ரப்பர் தொப்பிய விலக்கினா உள்ள கருப்பு ஆயில். மேல பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரையும் சேத்து மாத்தினோம், ஒண்ணை மட்டும் மாத்தினா புதுசோட அழுத்தத்துல மத்தது போகும். டிக்கில இருந்த பேட்டரி சாதா கடை பேட்டரி, அதுல வர்ற ஆவி வெளிய போக வழியில்லாம சுத்தி இருந்த தகடை அரிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. இந்த வண்டிக்கு சீல்டு பேட்டரி, வென்ட் குழாயோட. இது பல பேருக்குத் தெரியல.

குறைஞ்ச காசுல பெரிய சந்தோஷம்

கியர் மாத்துறதுக்கு இந்த வண்டி பேர் போனது, ஆனா நம்ம வண்டில குச்சி சேத்துல கரண்டி போட்ட மாதிரி இருந்துச்சு. கியர்பாக்ஸ் போச்சுன்னு பயப்பட வேண்டாம். கியர் குச்சி உக்கார்ற இடத்துக்குன்னு தனியா ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி உண்டு, கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினாலும் அது மாறாது. அதுக்கு மேல இருக்கிற சின்ன ரப்பர் பூட் கிழிஞ்சா எண்ணெய் தெறிச்சு காலியாகும், கீழ இருந்து சூடும் நாத்தமும் கேபினுக்குள்ள வரும். கன்சோலைக் கழட்டி, பூட்டைப் பாத்தா சுத்தி வர கிழிசல், தொட்டில அடியோட்டம் கருப்பா கொஞ்சம். சுத்தம் பண்ணிட்டு 75டபிள்யூ-90 கியர் ஆயிலை நிரப்பி, குச்சி நுனில புது நைலான் புஷ், மேல கீழ ரெண்டு பூட்டும் புதுசு. அரை நாள் வேலை. அண்ணி தான் முதல்ல ஓட்டிட்டு வந்தாங்க, அதுவரைக்கும் இந்த வண்டில என்ன இருக்குன்னு கேட்டவங்க சாவியத் திருப்பித் தரலை.

சஸ்பென்ஷன் மூட்டுல இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் ஒரிஜினல், காய்ஞ்ச கட்டை. கீழ் கைல இருக்கிற அலைன்மென்ட் போல்ட் புஷ்ஷோட சேந்து துருப்பிடிச்சு ஒட்டிக்கும், சிலதை வெட்டித் தான் எடுக்க முடிஞ்சுது, புது போல்ட்டை முதல்லயே வாங்கி வெச்சுக்கோங்க. அப்புறம் நாலு சக்கர அலைன்மென்ட், இந்த வண்டில நாலுலயும் கேம்பரும் (சக்கரம் சாயுற கோணம்) டோவும் (சக்கரம் உள்ள வெளிய திரும்பி நிக்கிற கோணம்) மாத்தலாம், அதை ஒழுங்கா பண்றவர் கிட்ட போகணும்.

பெயின்ட்டுக்கு நான் குடுத்த நேரம் கம்மி தான். அந்த சிவப்பு வெயில்ல ரோஸ் கலராகிடும், பாலிஷ் போட்டா பேட் முழுக்க சிவப்பாகும், மேல கிளியர் கோட் இல்லாததால அது நார்மல் தான், பயப்படாதீங்க. ஒரு கட்டிங், ஒரு ஃபினிஷிங், மெழுகு, முடிஞ்சது.

எதைச் செய்யல

டர்போ போடலாமான்னு கேட்டாரு, வேணாம்னேன். தாழ்வா இறக்குற ஸ்பிரிங் வேணாம்னேன். முழு ரீபெயின்ட், வேணவே வேணாம். ரிஃப்ரெஷ் வேற, ரெஸ்டோரேஷன் வேற. ஜப்பான்ல மஸ்தாவே 2017ல அறிவிச்சு முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கு (அங்க எம்எக்ஸ்-5க்கு அது தான் பேரு) ஒரு ரெஸ்டோர் சேவை நடத்துறாங்க, டியூஃப் ரைன்லாண்ட்ங்கிற ஜெர்மன் சோதனை நிறுவனத்தோட சான்றிதழோட, அதுக்காகவே சாஃப்ட் டாப், நார்டி மர ஸ்டியரிங், அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயர் டிசைன் எல்லாத்தையும் திரும்பத் தயாரிச்சாங்க. அது மியூசியம் லெவல். நம்ம வண்டி மழையில நனையணும், வார்விக் பக்கம் சின்ன ரோட்ல ஓடணும், சூப்பர் மார்க்கெட்ல இடிபடணும். இடது கதவுல ஒரு சின்ன சொட்டை இருக்கு, விட்டுட்டோம்.

இப்ப எப்படி

ஒரு குளிர்காலம் தாண்டியாச்சு. ரோட்ல உப்பு கொட்டின நாள்ல எடுக்கல, எடுத்தா அடில குழாய்த் தண்ணி அடிச்சுக் கழுவிட்டு தான் நிறுத்தினாரு. இலை உதிர்ற சீசன் முடிஞ்சதும் ஒரு டம்ளர் டெஸ்ட், வசந்தத்துல இன்னொண்ணு. கார்பெட் காய்ஞ்சு கிடக்கு. போன எம்ஓடில சில் பத்தி ஒரு வார்த்தை இல்ல, அட்வைசரி ஒண்ணே ஒண்ணு தான், எக்ஸாஸ்ட் பின் பெட்டில லேசான துரு. 40 வயசானா எம்ஓடி வேணாம், 2031 ஏப்ரல்ல ரோடு டாக்ஸும் கிடையாதுன்னு அண்ணன் இப்பவே கணக்குப் போட்டு வெச்சிருக்காரு. டாக்ஸ் மிச்சம் பண்ணுங்கண்ணே, ஆனா எம்ஓடிக்கு மட்டும் வருஷா வருஷம் கொண்டு போங்கன்னு சொல்லிருக்கேன். பாக்கி இருக்கிறது வலது பக்க பவர் விண்டோ, ஏறும்போது திணறுது, கேபிளோட பிளாஸ்டிக் புஷ் தேஞ்சிருக்கும். புஷ் வந்தாச்சு, கதவைத் திறக்க நேரம் தான் கிடைக்கல.